ஐந்தரைக் கட்டைக்கு அப்பால்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகள் ஒன்பது ஆண்டுகளாகக் கர்நாடக இசை கற்கிறாள். ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுவாள். பிளஸ் டூ தேர்வு நெருங்கும் நேரத்தில், ஜாஸ் பாடகி ஆகப் போகிறேன், அதிலும் எல்லா வகைப் பாட்டும் பாடக்கூடியவளாக ஆகப் போகிறேன் என்று நிற்கிறாள். இதற்கு எப்படிப் பயிற்சி எடுப்பது, படித்த சங்கீதம் வீணாகிவிடுமா, குரல் கெடுமா, இதில் பிழைப்பு உண்டா?

கடைசிக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தெரிகிறது. எனவே அதற்கு முதலில் ஒரு வரி. அமெரிக்காவில் பிறந்த இசையான ஜாஸை மட்டுமே பாடிக் குடும்பம் நடத்துகிறவர்கள் இந்தியாவிலேயே மிகக் குறைவு. ஜாஸ் கற்ற காதோடு எதையும் பாடுகிற பாடகிக்குப் பிழைப்பு உண்டு. விவரத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் பாடகன் அல்லன். பாடுகிறவர்களுக்குப் பின்னால் கீபோர்டிலும் பியானோவிலும் முப்பது வருடமாக உட்கார்ந்திருப்பவன். கோவை, திருப்பூர், ஈரோடு மண்டபங்களில் மெல்லிசைக் குழு. பிறகு பெங்களூரிலும் நீலகிரியிலும் ஹோட்டல்கள். பாடகியின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். நிலைத்து நிற்கிற பாடகிகள் நல்ல குரல் உள்ளவர்கள் அல்லர். குழுவில் தானும் ஒரு வாத்தியம் என்று நினைத்து நிற்கிறவர்கள்.

குன்னூர்ப் பக்கம் ஒரு விடுதியில் புத்தாண்டு இரவு. பாட வந்த பெண்ணுக்கு அருமையான குரல். ஒத்திகைக்கு நேரமில்லை. "எந்தக் கட்டை?" என்றேன். "உங்களுக்கு எது வசதியோ அதுவே சார்" என்றார். மரியாதைக்குச் சொன்ன பதில். நானும் தாளில் அச்சாகியிருந்த கட்டையிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஜாஸ் பாட்டுத் தாள்கள் பெரும்பாலும் டிரம்பெட், சாக்ஸபோன் வாசிப்பவர்களுக்குத் தோதான கட்டைகளில் எழுதப்பட்டவை. பெண் குரலைக் கேட்டு எழுதியவை அல்ல. பாட்டின் நடுப்பகுதியில் மெட்டு அவருக்கு எட்டாத இடத்துக்கு ஏறியது. பாட்டு போய்க் கூச்சல் வந்தது. பாதித் தவறு என்னுடையது. ஆனால் கூட்டம் பார்ப்பது முன்னால் நிற்பவரைத்தானே?

அதனால் உங்கள் மகளின் முதல் பாடம் கட்டை. கர்நாடக இசையில் பாடகியின் சுருதி அநேகமாக ஆயுளுக்கும் ஒன்றுதான். ஐந்தரை என்றால் எந்த ராகமானாலும் ஐந்தரை. ஜாஸில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும். சில பாட்டுகளில் நடுவிலேயே ஆதார ஷட்ஜம் இடம் பெயர்ந்துவிடும். கிரக பேதம், அதாவது ஆதார சுரத்தை மாற்றிப் பாடுவது, தெரிந்த பெண்ணுக்கு இது அதிசயமாகத் தோன்றாது, ஆனால் தம்பூரா இல்லாமல் அந்தரத்தில் நிற்பது முதலில் வயிற்றைக் கலக்கும். அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் தன் கட்டை, வேகம், முன்னிசை, முடிவு ஆகியவற்றை எழுத வேண்டும். முன்பின் தெரியாத பியானோக்காரரிடம் போய், "நான்கு கட்டை, மிதமான ஸ்விங், கடைசி எட்டு பாரை முன்னிசையாக வாசியுங்கள், முடிவில் கடைசி வரி மூன்று முறை" என்று (பார் என்பது நான்கு தட்டு கொண்ட தாள அளவு, ஸ்விங் என்பது ஜாஸின் நடை; இரண்டுக்கும் பிறகு வருகிறேன்) சொல்லிவிட்டு, விரலைச் சொடுக்கி வேகத்தைக் கொடுக்க வேண்டும். அப்படிச் சொல்கிற பெண்ணுக்கு நாங்கள் பின்னால் இருந்து எழுந்து நிற்காத குறையாக மரியாதை கொடுப்போம்.

அடுத்தது கீபோர்டு. இதில் நான் பிடிவாதக்காரன். அமெரிக்க ஜாஸ் பாடகிகளைப் பாருங்கள். சாரா வான் 1943-இல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் சேர்ந்தது பாடகியாக மட்டுமல்ல, இரண்டாவது பியானோ வாசிப்பவராகவும்தான். கார்மென் மக்ரேவும் பியானோ வாசித்தவர். நினா சிமோன் மேற்கத்தியச் செவ்வியல் பியானோவிலிருந்து வந்தவர். உங்கள் மகள் கச்சேரி அளவுக்கு வாசிக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டின் கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்துகளை, தானே அழுத்திக்கொண்டு மெதுவாகப் பாடத் தெரிந்தால் போதும். எதற்கு என்று சொல்கிறேன்.

சங்கராபரணத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜாஸ் பாட்டுகளில் ஓயாமல் வரும் ஒரு நகர்வு உண்டு: முதலில் ரி ம த ச சேர்ந்த கொத்து, அடுத்து ப நி ரி ம, பிறகு ச க ப நி. மேடையில் இது மூன்று கார்டுகளாகக் கேட்கும். உள்ளே இரண்டு நூல்கள் ஓடுகின்றன. ஒன்று 'ம – ம – க'. மற்றொன்று 'ச – நி – நி'. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பாடிப் பழகினால், குழு எங்கே போகிறது என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். மேற்கத்திய முறையில் படித்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் ஆகும். சுரம் சொல்லிப் பழகிய பிள்ளைகள் ஒரு மாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். படித்தது வீணாகுமா என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

ஆனால் ஒரு விலை உண்டு. அந்த 'ம'வை அசைக்கக் கூடாது. அவள் நாக்கும் தொண்டையும் மத்யமத்தைப் பார்த்ததும் ஆட்டத் தொடங்கும். கீழே பியானோ நேராக நிற்க, மேலே குரல் ஊசலாடினால் இரண்டும் உரசும். கம்பியைப் போல நேராகப் பிடித்து, சுரத்தின் கடைசியில் மட்டும் லேசாக அதிரவிடுவதுதான் அங்கே வழக்கம். சுரத்தை அசைக்கும் கமகத்தை மறக்கச் சொல்லவில்லை. கைப்பிடிக்குள் வைத்திருக்கச் சொல்கிறேன். ஜாஸின் வேரான புளூஸ் பாடும்போது அது வேறு வேஷத்தில் வேலைக்கு வரும். ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்று ஓடும் சுரவரிசை புளூஸினுடையது. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து வருகிற இந்த வரிசையைப் பார்த்து அவள் குரு முகம் சுளிக்கலாம். பியானோ அந்தர காந்தாரத்தை வாசிக்க, குரல் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் இடையில் எங்கோ இழுத்து நிற்கும். புளூஸின் வலி அங்கேதான் இருக்கிறது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை இல்லை. கமகம் பாடிய தொண்டையில் உண்டு.

தாளம் இன்னும் பெரிய சங்கதி. நம் ஊரில் யாரையும் கை தட்டச் சொன்னால் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவார்கள். ஜாஸில் கை விழுவது இரண்டிலும் நான்கிலும். சாதாரணமாகத் தோன்றும் இந்த இடமாற்றத்துக்கு ஆறு மாதம் ஆகும். தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, அதன் ஒவ்வொரு தட்டையும் 'இரண்டு', 'நான்கு' என்று எண்ணிக்கொண்டு பாட வேண்டும். மூன்றாவது வரியில் அது தானாகவே ஒன்று, மூன்றாக மாறிவிடும். சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஸ்விங் என்பதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நம்மவர்களுக்கு ஒரு சொல் போதும்: திஸ்ரம். ஒரு தட்டை 'த-கி-ட' என்று மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிவிட்டு 'த—ட, த—ட' என்று பாடினால் அதுதான் நடுத்தர வேகத்து ஸ்விங்கின் எலும்பு. வேகம் கூடும்போது இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கும்மிப் பாட்டுகளில் பெரும்பாலானவை இதே திஸ்ர நடையில்தான் சுற்றுகின்றன. வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்த பிறகு நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் கும்மிப் பயிற்சி நடக்கிறது. மகளை ஒரு மாதம் அங்கே அனுப்புங்கள் என்று நான் சொன்னால் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். உடம்பில் இறங்காத தாளம் குரலில் வராது. சோமனூர்க்காரர் ஒருவர், "எங்கள் தறிச் சத்தத்தில் இல்லாத தாளமா?" என்று என்னிடம் கேட்டார். விசைத்தறி இம்மியும் பிசகாமல் அடிக்கும். அதனால்தான் அது ஸ்விங் ஆகாது.

கணக்கும் உண்டு. பழைய ஜாஸ் பாட்டுகளில் பெரும்பகுதி 32 பார் கொண்டவை. எட்டு எட்டாக நான்கு பகுதி. முதல், இரண்டாம், நான்காம் பகுதிகளுக்கு ஒரே மெட்டு, மூன்றாவதற்கு மட்டும் வேறு. ஒரு பாருக்கு நான்கு தட்டு என்பதால் எட்டு பார் என்பது நான்கு ஆதி தாள ஆவர்த்தனம். முழுப் பாட்டு பதினாறு ஆவர்த்தனம். பாடகி ஒருமுறை பாடி முடித்ததும் சாக்ஸபோன் இரண்டு சுற்று, பியானோ ஒரு சுற்று என்று போகும். அப்போதும் பாட்டின் வடிவம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். பாடகி தண்ணீர் குடித்துக்கொண்டே, தொடையில் ஆதி போட்டுக்கொண்டே, எங்கே நிற்கிறோம் என்று அறிந்து சரியான இடத்தில் நுழைய வேண்டும். தனி ஆவர்த்தனத்துக்குப் பிறகு பல்லவியை எடுத்துப் பழகியவளுக்கு இதில் பயம் இருக்காது.

மனோதர்மத்துக்கு, அதாவது மேடையில் அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடுவதற்கு, வருவோம். ஜாஸ் என்றாலே ஸ்காட், அதாவது 'டூ-பா-டி-வா' என்று பொருளற்ற அசைகளில் கற்பனை செய்வது என்று நினைக்கிறார்கள். கல்பனாஸ்வரம் பாடுகிறவள் இதில் நேரே குதிக்க ஆசைப்படுவாள். நான் தடுப்பேன். கல்பனாஸ்வரத்தில் 'க' என்று சொன்னால் காந்தாரம்; அசைக்கும் சுரத்துக்கும் தாலி கட்டியிருக்கிறது. ஸ்காட்டில் அசை என்பது டிரம்பெட்டின் உதடு, சாக்ஸபோனின் நாக்கு. எந்த எழுத்தில் சுரத்தைத் தொடங்கினால் எந்த வாத்தியம் மாதிரி கேட்கும் என்பதுதான் கணக்கு. அது பின்னால். முதலில் கற்க வேண்டியதற்கு நம்மிடம் நெருங்கிய உறவு நிரவல். சொற்களை வைத்துக்கொண்டு மெட்டை நகர்த்துவது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் குரல் எட்டும் எல்லை மிகச் சிறியது. ஆனால் ஒரு வரியைத் தட்டுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, வருமா வராதா என்று நம்மை ஏங்கவைத்து, கடைசியில் குழுவோடு சேர்ந்து இறங்குவார். மூன்று ஸ்தாயி உள்ள பாடகிகள் அவரிடம் பாடம் கேட்டார்கள். பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் முகப்புப் பகுதியும் சில பாட்டுகளில் உண்டு. விருத்தம் பாடத் தெரிந்தவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் உடுக்கையடிப் பாட்டு நினைவுக்கு வரும். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் தங்கியிருந்து, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடுகிறவர் எங்கே பேச்சாக மாறுகிறார், எங்கே உடுக்கையை நிறுத்துகிறார், கேட்பவர்கள் அழுதால் எவ்வளவு நீட்டுகிறார் என்பது அன்றைய இரவின் முடிவு. பின்பாட்டுக்காரரின் "ஆமா" ஒன்று தவறினால் நடை விழுந்துவிடும். ஜாஸ் குழுவோடு நிற்பதும் இதுவேதான்.

ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் வாழ்க்கையையும் மகள் தெரிந்துகொள்ளட்டும். 1934-இல் பதினேழு வயதில், நியூயார்க் ஹார்லெமில் உள்ள அப்பல்லோ அரங்கின் புதியவர்கள் போட்டிக்கு நடனமாடத்தான் போனார். தனக்கு முன் ஆடிய சகோதரிகளைப் பார்த்துக் கால் நடுங்கி, கடைசி நிமிடத்தில் பாடினார், அதுவும் கோனி பாஸ்வெல் என்ற பாடகியைப் போலவே. பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு சிக் வெப் குழுவில் சேர்ந்தார். 1939-இல் வெப் இறந்தபோது குழுவையே எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பெயரில் நடத்தினார்கள். 1960-இல் பெர்லின் மேடையில் ஒரு பாட்டின் வரிகள் மறந்துபோயின. நிற்கவில்லை. மறந்துவிட்டேன் என்பதையே மெட்டில் போட்டுப் பாடி, பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரலையும் நடுவில் கொண்டுவந்து முடித்தார். அந்த ஒலிப்பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது. வரி மறந்தால் பதறி அழும் பிள்ளைகளுக்கு நான் அதைப் போட்டுக் காட்டுவேன். முதலில் இன்னொருவரைப் போலப் பாடியதையும் கவனியுங்கள். பிறர் பாடியதை, வாசித்ததை, மூச்சு எடுக்கும் இடம் உட்பட அப்படியே பாடிப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் குருகுலம். எழுதிப் படிப்பதெல்லாம் பிறகு.

குரல் கெடுமா என்றால், ஜாஸால் கெடாது. தாழ்ந்த குரலில், மைக்கை நம்பி, பேசுவது போலப் பாடும் கலை அது. கெடுப்பவை வேறு: மானிட்டர் (பாடகிக்கே அவள் குரலைக் கேட்கவைக்கும் மேடை ஒலிபெருக்கி) கேட்காமல் கத்துவது, நள்ளிரவு நிகழ்ச்சி முடிந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பது, தொண்டை கட்டியிருக்கும்போதும் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்குப் போவது. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல வகையும் பாட வேண்டும் என்கிறாளே, அதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் உதவியாளராக இருந்தவர்தான் எம். எஸ். விஸ்வநாதன். பிறகு சென்னையில் அவர் அமைத்த கிளப் பாட்டுகளில் டிரம்பெட்டும் டிரம்ஸும் அமெரிக்க நடையில் பேசின. அவற்றைப் பாடிய எல். ஆர். ஈஸ்வரி கோரஸிலிருந்து வந்தவர், கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அதே குரலின் அம்மன் பாட்டைப் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் திருவிழாவின்போது உங்கள் ஊர் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். இரண்டு இடத்திலும் அவர் வேஷம் போடவில்லை. எழுத்தை அழுத்தும் இடமும் மூச்சும்தான் மாறுகின்றன. உஷா உதுப்பைப் பள்ளிக்கூடத்தில் இந்தக் குரல் பாட்டுக்கு ஆகாது என்று பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் என்ற கிளப்பில் பட்டுப்புடவையோடு பாடத் தொடங்கியவர், பல மொழிகளில் பாடி, 2024-இல் பத்மபூஷண் வாங்கினார்.

கர்நாடக இசையிலிருந்து ஜாஸுக்குப் போன தடமும் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. பெங்களூரின் ஆர். ஏ. ராமமணி, சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் பாடிய ஒலிப்பதிவு 1983-இல் வெளிவந்தது. அதே ஊரின் வாரிஜஸ்ரீ வேணுகோபால், சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேனின் சுற்றிச் சுழலும் மெட்டுகளைச் சுரம் சொல்லியே பாடிக் காட்டுகிறார். தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யா, ஜாஸ் பாட்டுகளுக்குள் தமிழைக் கொண்டுபோயிருக்கிறார். ஆங்கில உச்சரிப்பைத் திருத்த ஒரு வருடம் உழைக்கட்டும், குறிப்பாக நாம் நாக்கை மடக்கிச் சொல்லும் 'ட'வை. ஆனால் தமிழில் பாடினால் ஜாஸ் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கே படிப்பது? லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளில் எட்டாம் கிரேடு வரை எழுதினால் இசைக்குறிப்பு வாசிக்கும் பழக்கம் வரும். அதற்குமேல் அந்தச் சான்றிதழை மேடையில் யாரும் கேட்பதில்லை. சென்னையில் 2008-இல் ஏ. ஆர். ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் பெர்க்லி, 1945-இல் ஜாஸுக்கென்றே தொடங்கிய கல்லூரி. நம் கர்நாடக கிடார் கலைஞர் பிரசன்னா படித்த இடம். ஆடிஷனில் தேறினால் உதவித்தொகை உண்டு என்றாலும் செலவு தோப்பை விற்கிற அளவுக்குப் போகும். விற்காதீர்கள். கோவையில் ஒரு பட்டப்படிப்பு, கூடவே தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரல் பிரித்துப் பாடுவது, இரண்டு வருடம் மெல்லிசைக் குழு என்பது என் யோசனை. மெல்லிசை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வரவேற்பில் நான்கு மணி நேரம் நின்று, தமிழ், இந்தி, பாலக்காட்டுச் சம்பந்தி வீட்டாருக்காக மலையாளம் என்று பாடி, பெண் பாட்டை ஆண் கட்டையிலும் ஆண் பாட்டைப் பெண் கட்டையிலும் மாற்றி மாற்றிக் கரை சேர்க்கும் பயிற்சியை எந்தக் கல்லூரியும் தராது.

இனி பிழைப்பு. வரவேற்பு நிகழ்ச்சிகள், நிறுவன விழாக்கள், ஹோட்டல்களில் வார இறுதி, விளம்பரப் பாட்டு, ஸ்டூடியோவில் பின்குரல், வாரத்தில் இரண்டு நாள் பாட்டு வகுப்பு. இவற்றின் கூட்டுத்தொகைதான் சம்பளம். ஜாஸ் மட்டும் பாட மாதம் ஒன்றிரண்டு முறை பெங்களூர் போக வேண்டிவரும். கோவையிலிருந்து வந்தே பாரத்தில் ஆறரை மணி நேரம். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, பாதிப் பணத்தை முன்பணமாகப் பெறப் பழக்குங்கள். எனக்கு ஒரு ஹோட்டல் மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதில் பஃபே சாப்பாட்டைக் காட்டியது. எவ்வளவுதான் சாப்பிட முடியும்? ஒரு வேடிக்கையும் உண்டு: செவ்வியல், நாட்டார் கலை நிகழ்ச்சி என்றால் 1.5 லட்சம் ரூபாய் சன்மானம் வரை ஜிஎஸ்டி விலக்கு. ஜாஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே தேவை என்பதால் அந்தக் கவலை வரும்போது இனிப்பு கொடுங்கள்.

தேர்வு முடியட்டும். 61 கட்டை கீபோர்டு ஒன்று வாங்குங்கள், பழையதே போதும். ஆறு மாதத்துக்கு மூன்றே பாட்டு. ஒவ்வொன்றையும் மூன்று வெவ்வேறு கட்டைகளில், வரி பிசகாமல் ஒருமுறை, தன் இஷ்டத்துக்கு ஒருமுறை. சுருதிப் பெட்டியைப் பரணில் போட்டுவிட வேண்டாம். காலையில் 'ஆ' என்று நீட்டிப் பாடும் அகார சாதகத்துக்கு அது வேண்டும்.